தூர ஓட்டத்துக்காக டீசல் பிக்கப் மாற்றப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வடசென்னை வண்டிக்காரர்களுக்கு

மாதவரத்தில் ஒரு சின்ன புக்கிங் ஆபீஸில் கணக்கும் காகித வேலையும் பார்க்கிறேன். காசிமேட்டு மீன், செங்குன்றம் அரிசி, மணலி டிரம், துறைமுகத்துச் சில்லறைச் சரக்கு என்று ஏற்றிக்கொண்டு நெல்லூர், பெங்களூரு, கோவை பக்கம் போகிறவர்கள் வண்டி மாற்றும் நேரத்தில் வந்து உட்கார்ந்து கேட்பவை இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். 'அண்ணே'க்களில் பாதியை மட்டும் வெட்டிவிட்டேன்.

"குட்டியானையே நல்லா ஓடுது, பெங்களூருக்கே போயிட்டு வந்துட்டேன். எதுக்குப் பெரிய வண்டி?"

போய்வர முடியும், மறுக்கவில்லை. ஆனால் 2005-இல் குட்டியானை என்கிற டாடா ஏஸ் வந்ததே ஊருக்குள் சரக்கு சேர்க்கத்தான். பழைய டீசல் ஏஸில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். ராயபுரத்திலிருந்து சௌகார்பேட்டைக்கு அது தாராளம். அதையே முழு லோடோடு கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் ஏற்றினால் எஞ்சினும் களைக்கும், ஓட்டுகிறவரும் களைத்துப் போவார்.

உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஒரு வழி 200 கிலோமீட்டரைத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். எப்போதாவது ஒரு தூர லோடு வருகிறது என்பதற்காக மாதா மாதம் பெரிய டியூ கட்டாதீர்கள். அந்த ஒரு லோடை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு கமிஷன் வாங்கிக்கொள்வது லாபம்.

"பொலிரோவா, தோஸ்த்தா, இன்ட்ராவா? ஒரே வார்த்தைல சொல்லுண்ணே."

ஒரே வார்த்தையில் சொல்கிறவர் அநேகமாக ஷோரூம்காரராக இருப்பார். மகிந்திரா பொலிரோ பிக்கப்பில் 2,523 சிசி, நான்கு சிலிண்டர். கீழ் கியரில் இழுவை அதிகம், வெயிட்டுக்கு அசராது. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது. ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். டீசல் சிக்கனம் என்று பெயர் வாங்கியது. 2020-இல் அதன் பெரிய அண்ணனாக படா தோஸ்த் வந்தது. டாடா இன்ட்ரா வி30-ம் ஒன்றரை லிட்டர்தான், ஆனால் நான்கு சிலிண்டர். 1,300 கிலோ ஏற்றலாம்.

என் கணக்கு இப்படி: இரும்பு, டிரம், அரிசி மூட்டை என்று இடம் கொஞ்சமாகவும் வெயிட் அதிகமாகவும் இருக்கும் சரக்கென்றால் பெரிய எஞ்சின். பஞ்சு, பிளாஸ்டிக், அட்டைப் பெட்டி என்று இடத்தை அடைத்து வெயிட் இல்லாத சரக்கென்றால் நீளமான பாடியும் சின்ன எஞ்சினும். இதை முடிவு செய்யாமல் பிராண்டைப் பேசுவது வீண். அப்புறம், நீங்கள் வழக்கமாகப் போகும் ரோட்டில் எந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இங்கே வீட்டுப் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயமில்லை. வண்டி நிற்பது வீட்டு வாசலில் இல்லை, வாணியம்பாடியில்.

"1.7 டன் வண்டின்னா ரெண்டரை டன் வரைக்கும் தாங்கும்ல? எல்லாரும் ஏத்துறாங்களே."

வண்டியின் ஸ்பிரிங்கான கமான் பட்டை தாங்கும், சட்டம் தாங்காது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்து அதற்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்ற அளவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. மிகுதிச் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கவும் விடுவார்கள். நடுரோட்டில் ஒரு டன் அரிசியை இறக்கிவைக்க இடம் தேடுவது தனி வேதனை.

பாடி கட்டும்போதும் கவனம் வேண்டும். கனமான இரும்புத் தகட்டில் உயரமான பாடி, மேலே கேரியர், முன்னால் பம்பர் என்று கட்டினால் அத்தனை வெயிட்டும் சரக்கின் பங்கிலிருந்துதான் போகும். பாடி கட்டி முடித்ததும் எடை மேடையில் காலி வண்டியை ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

"பிக்கப்புக்கு பர்மிட் வேணுமா, வேணாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. சந்தையில் சில மாடல்களின் மொத்த எடை 2,990 என்கிற மாதிரி 3,000-க்கு ஒட்டினாற்போல் கீழே நிற்பது இதனால்தான். 1.7 டன் ஏற்றும் வண்டிகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அவற்றுக்கு பர்மிட் கட்டாயம்.

ஆகவே "இன்னும் முந்நூறு கிலோ கூட ஏத்தலாமே" என்று ஒரு படி மேலே உள்ள மாடலுக்குப் போகும்போது பர்மிட் செலவும் கூடவே வரும். நேஷனல் பர்மிட் என்றால் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த கட்டணம் 16,500 ரூபாய், அதற்கு மேல் அங்கீகாரக் கட்டணம் 1,000. அந்த முந்நூறு கிலோ ஆண்டுக்கு இதைவிட அதிகம் சம்பாதித்துத் தருமா என்று பார்த்துவிட்டு எடுங்கள். பலருக்குத் தராது. ஏனென்றால் திரும்பி வரும்போது வண்டி காலி.

"அப்ப மூவாயிரம் கிலோவுக்குள்ள எடுத்துட்டா தடா தாண்டி நெல்லூர் போக ஒண்ணும் வேணாம்தானே?"

பர்மிட் விலக்கு வேறு, வரி வேறு. பர்மிட் தேவையில்லை என்பதற்காக அடுத்த மாநிலத்தின் வரியும் கிடையாது என்று ஆகிவிடாது. தொடர்ந்து ஆந்திரா, கர்நாடகா போகப் போகிறீர்கள் என்றால் வண்டி எடுப்பதற்கு முன்பே அந்த மாநிலத்தில் உங்கள் எடைக்கு என்ன வரி என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். செக்போஸ்ட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வது செலவு பிடித்த வழி.

"என்கிட்ட எல்.எம்.வி. லைசென்ஸ்தான் இருக்கு. பேட்ஜ் இல்லாம ஓட்டினா இன்சூரன்ஸ் வராதுன்னு சொல்றாங்க."

அந்தப் பயம் பழசு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம், பேட்ஜ் என்கிற தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. நாம் பேசும் எல்லா பிக்கப்பும் இதற்குள் அடங்கும்.

மணலிக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசிட், கரைப்பான், தீப்பிடிக்கும் சரக்கு என்று ஆபத்தான பொருள் ஏற்றினால் அதற்கென்று பயிற்சி முடித்து லைசென்ஸில் தனிப் பதிவு வாங்க வேண்டும். டிரம் சின்னது, வண்டி சின்னது என்பதெல்லாம் கணக்கில் வராது.

"பி.எஸ்.6 வண்டி எடுத்தவன் எல்லாம் லைட் எரியுது, பவர் போயிடுதுன்னு புலம்புறான். பழைய பி.எஸ்.4-ஏ வாங்கிடலாமா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பி.எஸ். என்பது புகை மாசுக்கு அரசு வைத்த அளவுகோல். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகள் பி.எஸ்.6. பெரும்பாலான டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எரிக்க, புகையின் சூடு ஏறக்குறைய 600 டிகிரிக்குப் போக வேண்டும். அந்தச் சூடு வர வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.

இப்போது நம் ஊர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, துறைமுக கேட்டில் எஞ்சினை அணைக்காமல் நின்று, மறுபடி மூலக்கடையில் முதல் கியர். சூடு ஏறவே ஏறாது, கரி மட்டும் சேரும். லைட் எரியும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பவரைக் குறைத்துவிடும். செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி ரோட்டில் நாலாவது, அஞ்சாவது கியரில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பல வண்டிகளில் அந்த லைட் தானாக அணைந்துவிடும். அதாவது தூர ஓட்டக்காரருக்கு இந்த வடிகட்டி எதிரியே இல்லை. புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் தூர ஓட்ட வண்டியை வாங்கி ஊருக்குள் ஓட்டுகிறவர்கள்.

எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஐடிலிங் (நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் ஏறும், சூட்டு வாடை வரும். பயந்து எஞ்சினை அணைக்காதீர்கள், பாதியில் நின்றால் அடுத்த முறை இன்னும் கடினம். எஞ்சின் ஆயிலும் கம்பெனி புத்தகத்தில் எழுதியிருக்கும் ரகமாகவே இருக்கட்டும். பழைய ரக ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், அதை எரிக்க முடியாது. ரோட்டோரம் கேனில் விற்கும் மலிவு டீசல் இந்த வண்டிகளுக்கு விஷம். பி.எஸ்.4 வாங்கலாமா என்றால், அதற்குப் பதிலைக் கீழே பழைய வண்டி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"டீசல் மூடிக்குப் பக்கத்துல நீல மூடி ஒண்ணு இருக்கே, யூரியா தண்ணியாமே?"

எல்லா பிக்கப்பிலும் இருக்காது. இருந்தால் அது ஆட்ப்ளூ. 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும். தீர்ந்துவிட்டால் எச்சரித்துவிட்டு, பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். தூரம் போகும்போது ஒரு கேன் வைத்திருங்கள். உர யூரியாவைக் கரைத்து ஊற்றுவது, டீசல் டேங்கில் இதை ஊற்றுவது இரண்டுமே டியூவைவிடப் பெரிய பில்லில் போய் முடியும். நீல மூடி இல்லாத மாடல் கிடைத்தால் ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான். அதற்காக வண்டியையே மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

"கம்பெனி சொல்ற மைலேஜ் எப்பவும் வர்றதில்லையே, எதை நம்புறது?"

அதே மாடலை அதே ரோட்டில் ஓட்டுகிறவரின் டேங்க் கணக்கை நம்புங்கள். டேங்க் நிரப்பி, ஓடி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பிப் பார்ப்பதுதான் கணக்கு. மீட்டரில் காட்டும் எண் ஒரு அனுமானம்தான். மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு லிட்டருக்கு 14-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 60 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஐந்தாயிரத்து ஐந்நூறு. ஆனால் அந்த 12 கொடுக்கும் வண்டி உங்களுக்கு மாதம் ஒரு லோடு கூடுதலாக எடுத்துத் தந்தால் கணக்கு தலைகீழ்.

"புது வண்டி 80-க்கு மேல போக மாட்டேங்குது. ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. சரக்கு வண்டிக்கு நான்கு வழிச் சாலையில் உச்ச வேகமே 80-தான். பழைய வண்டியில் 95-ல் முந்திப் பழகியவர்களுக்கு முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். பாதி முந்தும்போது வண்டி இழுப்பை நிறுத்திக்கொள்ளும் என்பதை மனதில் வைத்து இடம் பார்த்து முந்துங்கள். கருவியைக் கழற்றித் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று சோதனையில் மாட்டும், விபத்தானால் இன்சூரன்ஸிலும் மாட்டும்.

"பழைய வண்டி ஃபாஸ்டேகை உரிச்சு புதுசுல ஒட்டிக்கலாமா? அந்த 3,000 ரூபா பாஸும் வாங்கணும்."

இரண்டும் முடியாது. டேக் வண்டி எண்ணோடு கட்டப்பட்டது. பழையதை மூடி மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு புதிதாக எடுங்கள். மூடாமல் வண்டியை விற்றால் வாங்கியவர் நல்லூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் காசு கழியும். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த 3,000 ரூபாய் ஆண்டு பாஸ், சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். மஞ்சள் போர்டுக்குக் கிடையாது.

டேக் எடுக்கும்போது வண்டி வகையைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிப்படி 7,500 கிலோவுக்குள் இருப்பது கார், ஜீப் வரிசையில்தான் வரும். பிக்கப்பை அவசரத்தில் ஒரு படி மேலே எல்.சி.வி. (இலகு ரக வணிக வண்டி) என்று பதிந்துவிடுவது உண்டு. அப்படிப் பதிந்தால் ஒவ்வொரு சாவடியிலும் கூடுதலாகப் போகும். ஆர்.சி.யைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் கிடைக்கும் சலுகை நமக்கும் உண்டு, நெல்லூர் ஓட்டக்காரர்கள் அதை வைத்து நேரத்தைத் திட்டமிடலாம்.

"பழைய வண்டியை வித்துட்டேன், பேரு மாத்துறது அவன் வேலைதானே?"

அவன் வேலை, ஆனால் தலை உங்களுடையது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 29, 30 ஆகிய இரண்டு படிவங்களிலும் கையெழுத்து வாங்கி, விற்ற 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். டியூ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் ஃபைனான்ஸை முடித்து, 35-ஆம் படிவம் போட்டு அடமானப் பதிவை நீக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் சேர்ந்த தள்ளுபடி உங்களுடையது, வண்டியுடையது இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கொரு கடிதம் வாங்கி, அதே வகைப் புது வண்டியின் சொந்தச் சேத பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும். இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

"புதுசு விலை ஜாஸ்தி. ரன்னிங் வண்டி ஒண்ணு வாங்கிடவா?"

வாங்கலாம், விலையைப் புது விலையோடு ஒப்பிட்ட பிறகு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கியவர் தன் பழைய பில்லைக் காட்டி விலை சொன்னால் ஏமாறாதீர்கள். இன்றைய புது விலையிலிருந்து இறங்கி வரச் சொல்லுங்கள்.

பி.எஸ்.4 என்றால் 2020-க்கு முந்தைய வண்டி. வடிகட்டித் தலைவலி இருக்காது. ஆனால் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கொரு முறை இருக்கும் எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஆகிவிடும். நேஷனல் பர்மிட்டும் 12 வயதோடு முடிந்துவிடும். ஊருக்குள் ஓட்ட அது நல்ல வண்டி. தூரத்துக்கு, குறைந்த வயதுள்ள பி.எஸ்.6-ஐயே சொல்வேன், அது இதுவரை ஊருக்குள் ஊர்ந்த வண்டியாக இல்லாமல் ரோட்டில் ஓடிய வண்டியாக இருந்தால்.

மீன் ஏற்றிய வண்டி என்றால் கீழே படுத்துப் பாருங்கள். ஐஸ் தண்ணீரும் உப்பும் சேஸியின் உள்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். மேலே புது பெயின்ட் மினுங்கும். பிரேக் பைப், கமான் பட்டை மாட்டும் இடம், பாடி போல்ட் மூன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நீங்களே மீன் ஏற்றுகிறவர் என்றால் பாடித் தளத்தில் தண்ணீர் வடிய வழி வைத்து, ஒவ்வொரு லோடுக்கும் பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

"லோடோட இறக்கத்துல பெரிய வண்டி இழுத்துட்டுப் போகுது, பிரேக் பத்தலையா?"

தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயைத்தான் பலர் சொல்கிறார்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம். கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின் டீசலே குடிப்பதில்லை. காலி வண்டிக்கு வேறு பிரச்சினை. பின்பக்கம் லேசாகி, மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். காலியாகத் திரும்பும்போது பின் டயர் காற்றை ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"இனிமே எல்லா வண்டியிலயும் ஏசி கட்டாயம்னாங்களே, ஷோரூம்ல இல்லங்கிறான்?"

2025 அக்டோபர் 1 முதல் கட்டாயமானது 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு. பிக்கப் அதில் வராது. ஆனால் ஏசி உள்ள மாடல் கிடைத்து, வாரத்தில் பல இரவு ரோட்டிலேயே இருக்கிறவர் என்றால் எடுங்கள். சித்திரை வெயிலில் வேலூர் தாண்டியவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"வழியில வண்டி நின்னுடுச்சு, சரக்கை ஃப்ரெண்டு வண்டில மாத்தி ஏத்திட்டேன். அதே இ-வே பில் செல்லும்ல?"

இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. பில் செல்லும், வண்டி எண் செல்லாது. 'பி' பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிந்துவிட்டுத்தான் நகர வேண்டும். மாநிலம் தாண்டும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் இந்தப் பில் தேவை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடி. வண்டி பாதி நாள் நின்றுபோனால் நேரத்தையும் நீட்டிக்க மறக்காதீர்கள்.

"குட்டியானையை விக்காம, அதோட இதையும் வச்சுக்கலாமா?"

டியூ முடிந்திருந்தால், ஓட்ட நம்பகமான ஆள் இருந்தால், வைத்துக்கொள்ளலாம். பெரிய வண்டி மாதவரத்திலேயே நிற்கட்டும். துறைமுக கேட், தண்டையார்பேட்டைச் சந்து, கொத்தவால்சாவடி எல்லாம் சின்னது பார்த்துக்கொள்ளும். கோவை, திருச்சி பக்கம் போகிறவர்கள் மீஞ்சூர் முனையிலேயே வெளிவட்டச் சாலை பிடித்து வண்டலூரில் இறங்கினால் ஊர் நெரிசலே இல்லை, வடிகட்டிக்கும் அந்த அறுபது கிலோமீட்டர் நல்லது. ஆள் இல்லை, சின்ன வண்டி வாரத்தில் மூன்று நாள் வாசலில் நிற்கும் என்றால் விற்றுவிடுங்கள். நிற்கும் வண்டிக்கும் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.